சிவானியின் முயல் தோசை

ஜூலை 8, செவ்வாய்

சிவானிக்கு இன்றும் வெறும் ரொட்டியும் பாலும்தான். கேழ்வரகுத் தோசையை முயல் மாதிரி வார்த்து, பீட்ரூட்டில் கண் வைத்து, சுற்றிலும் கீரை பரப்பினேன். படம் எடுத்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவள் தொடவே இல்லை. வழக்கம்போல முயலை நான் தின்றேன். குழுவில் ஒரே பாராட்டு.

இரண்டரை வயதுக்கு இவள் எடை போதுமா? அர்ஜுனிடம் கேட்டால், "ஓடுறா, குதிக்கிறா, அப்புறம் என்ன?" அப்பாக்களுக்கு அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

பேச்சுக்குப் பேச்சு சிங்கப்பூர் 'லா' போடும் குடியிருப்பாளர் குழுவின் செரினா அக்கா லிஃப்டில் பிடித்துக்கொண்டார். நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உணவுத் திருவிழாவாம். சத்தான உணவு, வீணாக்காத உணவு, விளைவித்தவருக்கு நியாயமான விலை கிடைக்கும் உணவு.

"சுதா, உன் மக சாப்பிடுற தட்டை மேடையில காட்டணும் லா. நீ ஊட்டு, அவ சாப்பிடட்டும். புக்கிட் பாத்தோக் வட்டாரமே பாக்கட்டும்."

'சாப்பிடமாட்டாள் அக்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிக்கா" என்று வந்தது. ஏன்? நான் ஏன் இப்படி?

ஜூலை 25, வெள்ளி

ஒத்திகை. கெஞ்சினேன், பாடினேன், மிரட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டாள். நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் — பிள்ளைக்கு ஊட்டத் தெரியாதவ நான்.

ஜூலை 26, சனி

முடிந்தது.

கோணலாக இருப்பதால் குப்பைக்குப் போகும் காய்கறிகளைக் காப்பாற்ற ஒரு கடை. அங்கே ஆன்டிகள் நேரான கேரட்டாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விவசாயியை ஏமாற்றாத காப்பி என்று இன்னொரு கடை. ஈ, காக்கை இல்லை. எதிர்க் காப்பிக்கடையில் நீண்ட வரிசை.

மேடையில் தட்டை வைத்தேன். எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். சிவானி முயலைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், தட்டை என் பக்கம் தள்ளினாள். மைக்கில் தெளிவாக:

"போட்டோ எடுத்தாச்சு லா. அம்மா, நீ சாப்பிடு."

சிரிப்பு அடங்கவே இல்லை. சாப்பிட்டேன். வேறென்ன செய்ய? எதையும் வீணாக்கக் கூடாத திருவிழா ஆயிற்றே.

இறங்கியதும் மேல்மாடி அஃப்னா கையைப் பிடித்தாள். "அடிப்பாவி, அதெல்லாம் நீங்களா தின்னீங்க? என் மகன் பொரிச்ச சிக்கன் நக்கெட் தவிர எதையும் தொடமாட்டான். உங்க படத்தைப் பார்த்துட்டு நான் அழுதிருக்கேன், தெரியுமா?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 28, திங்கள்

செரினா அக்கா: "செம்ம ஹிட் லா! அடுத்த வருஷமும் நீங்க ரெண்டு பேரும்தான்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சிவானிக்குத் தனித்தட்டு வைக்கவில்லை. தெம்பில்லை. ரொட்டியை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டு, நானும் அர்ஜுனும் சாப்பிட உட்கார்ந்தோம். பருப்புச் சோறு, வெண்டைக்காய்ப் பொரியல்.

வந்து மடியில் ஏறினாள். என் தட்டிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து மென்றாள். முகத்தைச் சுளித்தாள். துப்பவில்லை. இன்னொன்று எடுத்தாள். அர்ஜுன் ஏதோ சொல்ல வந்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பிறகு பருப்புச் சோற்றில் கை வைத்தாள். நான் ஊட்டவில்லை. அசையக்கூட இல்லை.

என் தட்டைக் காலி செய்துவிட்டாள். பானையிலும் மிச்சமில்லை. பசியோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.