அப்பாவின் பக்கம் பேசு

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், ஆனால் இந்த முறை அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. நீ போனில் கேட்கும்போதெல்லாம் அப்பா முந்திக்கொண்டு, எங்களுக்கென்ன, ராஜா ராணியாட்டம் இருக்கோம்னு சொல்லிச் சிரிக்கிறாரே, அதை நம்பாதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் நானும் ஆமாம் ஆமாம் என்று வைத்துவிடுகிறேன். பாப்பாகிட்ட மூச்சு விடாதே, புது வேலை, அவ நிம்மதி கெட்டுப்போகும் என்று என் வாயைக் கட்டி வைத்திருக்கிறார். இப்போது ஒரு கிடங்கில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போயிருக்கிறார், அதனால்தான் தைரியமாக எழுத உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போய்விட்டது. அப்பாவுக்கும் போய்விட்டது. நீ பதறாதே, பதறினாலும் பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, உன்னையே இன்னும் நிரந்தரம் செய்யவில்லை, இன்னொருத்தியோடு ஒரே அறையில் ஒடுங்கிக் கிடக்கிறாய், அது எனக்குத் தெரியும். பாட்டில் கம்பெனியில் பெல்ட்டுக்கு மேலே கேமரா வைத்துவிட்டார்கள் பாப்பா. வெள்ளை விளக்குக்கு எதிரே உட்கார்ந்து, ஓடுகிற மருந்து பாட்டிலில் குமிழி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, கழுத்து கோணியிருக்கிறதா என்று நாங்கள் பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததை இனி அது பார்க்குமாம். அதற்குச் சந்தேகம் வந்து ஒதுக்குகிற பாட்டிலை மட்டும் பார்க்க மூன்று பேர் போதுமாம், மற்ற எல்லாருக்கும் ஆள்குறைப்பு. அந்த மூன்று பேர் யார் என்று முடிவு செய்கிற பாவத்தை எங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர் தலையில் கட்டினார்கள். உன்னைப் பெற்ற மகராசன் தலையில்தான்.

வேறு ஆளாக இருந்தால் பெண்டாட்டியை எப்படியாவது உள்ளே வைத்துக்கொள்ள வழி தேடியிருப்பான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, மத்தியானம் எல்லாரும் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார், வீட்டுல வேற வருமானம் இல்லாம தனியாச் சுமக்கிறவங்க மட்டும் இருப்பாங்க, மத்தவங்க போகணும், முதல்ல போறது என் வீட்டுக்காரி என்றார். நான் டப்பாவைத் திறந்து முதல் கவளம் வாயில் வைத்திருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எனக்கு வேலை போனதுகூடப் பெரிதில்லை பாப்பா, காலையில் ஒரே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷன், ஒரு வார்த்தை, உன் பேரைத்தான் சொல்லப் போறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் நியாயம் பார்க்கிறவருக்கு எனக்கு முன்கூட்டியே சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. கேட்டால், சொன்னா நீ அழுவே, நான் மாறிடுவேன்னு பயம் என்கிறார். அன்றைக்கு ஒருத்தி சத்தமாகவே, நல்லா நடிக்கிறாரு, பின்வாசல் வழியா அழைச்சுக்குவாரு பாருங்க என்றாள். நாங்கள் ஒன்பது பேர் வெளியே வந்தோம், என்னோடு பேச்சு வைத்துக்கொண்டது பென்சில் ஒருத்திதான்.

பென்சில் அக்காவை உனக்கு நினைவிருக்கும், மாடி வீட்டில் இருக்கிறாளே, ஒல்லியாக, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நீ கிண்டல் செய்வாயே, அவள். அவளும் தனியாகத்தான் இரண்டு பெண் குழந்தைகளைச் சுமக்கிறாள். அப்படித் தனியாகச் சுமப்பவர்கள் நான்கு பேர், இடம் மூன்று, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அவள் வெளியே நின்றாள். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை, எல்லார் முன்னாலும் அவளிடம், மூணு பேர்ல யார் இடம் காலியானாலும் அடுத்தது நீதான்மா, இது என் வாக்கு என்று சொன்னார். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். மறுநாள் என் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல், என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் செஞ்சது சரிதான் அக்கா, நான் கோவப்படல என்றாள். நான்தான் கோபப்பட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம், பன்னிரண்டு பேரை மேய்க்க ஒரு சூப்பர்வைசர் சரிங்க, மூணு பேரை மேய்க்க எதுக்குங்க என்று கேட்டேன். போடி பைத்தியம் என்றார். அடுத்த மாதமே அவரையும் கூப்பிட்டு, கைகுலுக்கி, உங்க ஒத்துழைப்புக்கு நன்றின்னு சொல்லி அனுப்பிவிட்டார்கள். தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் காலைத் தானே அறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அது அந்த நல்ல மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, நிஜமாகவே சிரித்துவிட்டேன் பாப்பா, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அந்த முகத்தை நீ பார்க்காமல் இருந்ததே நல்லது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. காலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஷூகூடப் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். எங்கே கிளம்பிட்டீங்க என்று ஒரு நாள் கேட்டேன், குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார், இனிமேல் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். கெட்டுப்போகாத சாமானையெல்லாம் பிரித்துப் போட்டுச் சரிசெய்கிறார். மின்விசிறியைக் கழற்றினார், மிக்ஸியைக் கழற்றினார், திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது, அதை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டுவிட்டார், ஒரு கதவும் இப்போது சத்தம் போடுவதில்லை, அவர் எந்த அறையில் இருக்கிறார் என்றே தெரியாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பயமாக இருக்கிறது, என்ன பயம் என்று எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. வேலை தேடாமலும் இல்லை, போகிற இடத்திலெல்லாம் வயதைக் கேட்கிறார்கள், அங்க இருந்த தம்பி நல்லா மரியாதையாப் பேசினான் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார். மரியாதையாகப் பேசினால் வேலை இல்லை என்று அர்த்தம், அது எனக்குப் புரிந்துவிட்டது. நானும் தையல் கடை, குழந்தைகள் காப்பகம், துணி தேய்க்கிற இடம் என்று ஏறி இறங்கிவிட்டேன், சொல்லி அனுப்புறோம் என்கிறார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போன வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு காகிதப் பொட்டலம், பிரித்துப் பார்த்தால் அவருடைய சர்க்கரை மாத்திரை, எல்லாம் பாதி பாதியாக வெட்டி வைத்திருக்கிறது. டாக்டர்தான் குறைக்கச் சொன்னார் என்று என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். டாக்டர் வாசலை அவர் மிதித்தே மாதக்கணக்காகிறது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அப்புறம் தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடிவிட்டு அழுதேன். ஊரார் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று என்னை வெளியே நிறுத்தியவர், தன் உயிரைப் பாதியாக வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை பாப்பா, திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

இனிமேல்தான் உனக்கு எழுத வந்த விஷயம். நேற்று மத்தியானம் கம்பெனியிலிருந்து புது மேனேஜர் போன் செய்தார். உள்ளே இருக்கிற மூன்று பேரில் ஒருத்தி, நாங்கள் பாட்டுக்காரி என்போமே, அவள் புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம், நின்றுவிட்டாள். உங்க கண்ணு மாதிரி யாருக்கும் இல்ல, திங்கட்கிழமை வந்துடுறீங்களா என்றார். நான் தெருவாசலில் நின்று பேசினேன், அப்பா உள்ளே இருந்தார். பென்சிலைக் கூப்பிடலையா என்று கேட்டேன், கேட்காமல் இருக்கவில்லை, அதை நீ தெரிந்துகொள். உங்களுக்கு வேண்டாம்னா அடுத்து அவங்களைத்தான் கூப்பிடுவேன், யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க என்றார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வர்றேன் சார் என்று அப்போதே சொல்லிவிட்டேன். மாடியில் அவள் துணி உலர்த்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டேதான் சொன்னேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இன்றைக்குச் சாயங்காலம் வந்ததும் சொல்லப் போகிறேன். அவர் கத்த மாட்டார், கத்தினால் தேவலை. என் வாக்கை நீயே உடைச்சிட்டியே என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். உங்க கணக்குப்படியே பார்த்தாலும் இப்ப நம்ம வீட்டுலயும் சம்பாதிக்கிற ஆள் இல்லையே என்று நான் வாதாடலாம், மனதுக்குள் பத்து தரம் வாதாடிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தரமும் மாடியில் இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு இறங்கி வருகிறார்கள், வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் திங்கட்கிழமை போகத்தான் போகிறேன். அவர் முழு மாத்திரை போட வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நியாயம் எதுவும் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவர் தனியாக இருப்பார், காலையிலிருந்து நாலு மணி வரை எனக்கு ஷிஃப்ட், அந்த நேரம் பார்த்து அவரைக் கூப்பிடு. தினமும் முடியாவிட்டாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கூப்பிடு. மெல்ல மெல்ல உன்னிடம் என்னைப் பற்றிச் சொல்லுவார். அப்போது அம்மா பாவம், வேற வழி இல்லை, நம்ம குடும்பத்துக்காகத்தானே செய்தாள் என்றெல்லாம் எனக்காகப் பரிந்து பேசிவிடாதே. அவர் பக்கம் பேசு. நீங்க சொன்னதுதான்ப்பா சரி, அம்மா செஞ்சது தப்பு என்று சொல். சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதே, குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார், மனதாரச் சொல், ஏனென்றால் சரியும் அதுதான். வேலை போய்விட்டது, மரியாதை போய்விட்டது, தான் நினைத்தது சரி என்கிற ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருக்கிறது, வீட்டில் ஒருத்தராவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என்னால் முடியாது. என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, கூட இருக்கிற பெண்ணோடு சண்டை போடாதே. நீ தலை நிமிர்ந்து, யார் கையையும் எதிர்பார்க்காமல், நூறு வயது வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. அவரைக் கூப்பிட மறக்காதே.

இதுவரை எழுதியபோது பென்சில் அக்கா கையில் தேங்காயோடு துருவி இரவல் கேட்டு வந்தாள், நானே துருவிக் கொடுத்தேன். யாருக்கு அக்கா இவ்வளவு பெரிய கடுதாசி என்றாள், பாப்பாவுக்கு என்றேன். நான் கேட்டேன்னு ஒரு வரி போடுங்க, சீக்கிரமே எனக்கு நல்ல சேதி வரும்னு அண்ணன் சொல்லியிருக்காருன்னும் போடுங்க என்றாள். போட்டுவிட்டேன்.

உன் அம்மா