தாண்டிய பக்கம்

மகளே,

நீ எழுதிய செர்பிய மக்கள் வரலாற்றை வாசித்தேன். துருக்கியரோடு போரிட்ட மிலுட்டின் என்ற நம் முப்பாட்டன், பக்கத்து ஊர் மாடுகளைத் திருடினார் என்கிறாய். நான் பள்ளிக்கூடம் போகாமல் தானாக வாசிக்கக் கற்றவன்தான். ஆனால் என் அலமாரியில் உள்ள எந்த வரலாற்று நூலும் அப்படிச் சொல்லவில்லை. அதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

உன் அம்மா இப்போது படுக்கையை விட்டு எழுவதில்லை. தினமும் உன் புத்தகத்தைத்தான் வாசிக்கச் சொல்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டினேன்; கண்டுபிடித்துவிட்டாள்.

"மாட்டையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க, கிழவரே?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நம் குலப் புனிதர் நிக்கோலாவின் திருநாள் வருகிறது. அந்த விருந்துக்கு நாம் யாரையும் அழைப்பதில்லை; வருகிறவர்கள் தாமாகவே வருவார்கள். வரலாறு எழுதுகிறவளுக்கு அது தெரிந்திருக்கும். நானும் அழைக்கவில்லை. அன்று கதவைத் தாழிடுவதும் வழக்கமில்லை.

புத்தகத்தில் சில பக்கங்களே மீதி. மெதுவாகத்தான் வாசிக்கிறேன்.

அப்பா