சொல்லிக்கொண்டு கிளம்பியவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம், என் முழங்காலைத் தவிர. நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நேற்று போனில் நீ அழுத அழுகைக்குப் பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் போனிலேயே பேசலாமென்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று காதைக் கொடுக்கிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாலு வார்த்தை சொல்கிறார், நீ யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் ம் கொட்டுகிறாய். ஹாஸ்டலில் என்னோடு காய் நறுக்குகிறவளின் மருமகன் நாளைக்கு நீ இருக்கும் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மதியச் சமையலை முடித்துவிட்டு அடுப்படியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நர்ஸ் படிப்பு படித்துவிட்டு அந்த முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிக்கொண்டும் பெரியவர்களைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டும் இடுப்பு ஒடிந்து கிடந்தாய். ஒரு ஆஸ்பத்திரி உன்னை நர்ஸாகவே எடுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தது. அந்த நாட்டில் வேலை பார்க்க உனக்குக் கொடுத்த பெர்மிட் அட்டையில் உன் பெயருக்குக் கீழே அந்த இல்லத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது, அவர்களிடம் மட்டும்தான் நீ வேலை பார்க்கலாம், அதனால் புதுப் பெர்மிட் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். நீ என்ன செய்தாய்? கேக் வாங்கிக்கொண்டு போய், இல்லத்தை நடத்துகிற மேட்ரன் மேசையில் வைத்து, "நான் சீக்கிரம் வேற இடத்துக்குப் போறேன் மேடம், உங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாது, இப்பவே வேற ஆள் பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறாய். அந்த மகராசி உன்னைக் கட்டிப்பிடித்து, கேக்கையும் தின்று முடித்து, அன்று மாலையே இவள் வேலையை விட்டுவிட்டாள் என்று அரசாங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டாள், அதோடு உன் அட்டையும் செல்லாமல் போனது. கேக் நன்றாக இருந்ததா என்றாவது கேட்டாயா? எங்கே கிளம்பினாலும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று உன்னை வளர்த்தவள் நான்தான். அது தப்பான பழக்கம் என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் யார் முகத்துக்கு அந்த மரியாதை என்று பார்க்கத் தெரியாத பிள்ளையாகப் போய்விட்டாயே.

இப்போது நீ அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் புதுப் பெர்மிட் வந்தால் ஆஸ்பத்திரி, வராவிட்டால் பெட்டியைக் கட்டு. அதற்குள் மேட்ரன் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்காகப் போட்ட பெர்மிட் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள், இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடு, தவறுதலாகத் தெரிவித்துவிட்டோம் என்று நானே எழுதுகிறேன் என்கிறாளாம். அதுவும் இனிமேல் ராத்திரி டியூட்டி மட்டும்தானாம். தள்ளிவிட்டவளே கை கொடுக்க வருகிறாள், அதற்கு நாம் கும்பிடு வேறு போட வேண்டும். உன் அப்பா போட்டுவிட்டார். உனக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். உன்னை அனுப்பிவைத்த ஏஜென்டின் வீட்டுக்குப் போய், அவன் போனில் மேட்ரனைப் பிடித்து, "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சு சேத்துக்கங்க" என்று கெஞ்சியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைப் பெரிய காரியம் முடித்தவர் மாதிரி சொல்கிறார். என் கையில் துடைப்பம் இருந்தது, கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். அவள் என்ன திருடினாளா, யார் குடியையாவது கெடுத்தாளா, எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். முதலாளி மனசு நோகக்கூடாதும்மா என்கிறார். முப்பது வருஷமாக ஒரே ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே துணி விரிக்கிற மனுஷன், அவரை எந்த அட்டையும் கட்டிப்போடவில்லை, தானாகவே கட்டிக்கொண்டார். அவரைத் திட்டாதே, அவருக்கு உன்மேல் உயிர். ஆனால் அவர் சொன்ன மன்னிப்பு உன்னுடையது இல்லை, மேட்ரன் அதை எடுத்துக்காட்டினால் தலையைக் குனியாதே.

நான் மூன்று ஹாஸ்டல் மாறியவள். பிடிக்காத இடத்தில் அன்றைய சாப்பாட்டை ஒழுங்காக ஆக்கிப்போட்டுவிட்டு, என் கரண்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவில் போய் நின்றிருக்கிறேன். ஒரு வார்டன் என்னைக் கண்டபடி ஏசினார், ஆனால் ஊரை விட்டே போ என்று சொல்ல அவராலும் முடியவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு இருந்த அந்தச் சுதந்திரம் இவ்வளவு படித்த உனக்கு இல்லை என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்ன செய்யட்டும் அம்மா என்று நேற்று கேட்டாய். அப்பா குறுக்கே வந்து கையெழுத்துப் போட்டுடு என்றார், நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. போடாதே. மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாக அவளுக்குப் பயந்து வேலை பார்த்தால் பிறகு வெளியே வருகிறவள் என் மகளாக இருக்க மாட்டாள், இன்னொரு உன் அப்பாவாக இருப்பாள். தம்பியும் இதையேதான் சொல்கிறான், "அக்கா வந்தா என் ரூமைக் குடுத்துடறேன்" என்கிறான். அது ரூம் இல்லை, அவன் பீரோவுக்குப் பின்னால் இருக்கிற சந்து, இருந்தாலும் அவன் குடுப்பான்.

புதுப் பெர்மிட் வரும்வரை பொறுமையாக இரு. இல்லத்துக்கு மேலே நீ தங்கியிருக்கும் ரூமைக் காலி செய்யச் சொன்னால், அந்த ஊரிலேயே இருக்கிற உன்னோடு படித்தவளிடம் போய் இரு, வெட்கப்படாதே, அவளுக்கு நீ செய்யாததா. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, பத்திரமாக வைக்கிறேன் என்று எவர் கேட்டாலும் கொடுக்காதே. வேலை இல்லையே என்று பட்டினி கிடக்காதே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. அந்த இல்லத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம்பிடிப்பாரே ஒரு தாத்தா, அவரிடம் வேண்டுமானால் போய்ச் சொல்லிக்கொள், அவருக்கு அது தகும். வேறு ஒருவரிடமும் வேண்டாம்.

நல்லது நடக்கும், நீ தலைநிமிர்ந்து நன்றாக இருப்பாய், உன்னைப் பெற்ற வயிறு சொல்கிறது. பெர்மிட் வந்தால் முதல் போன் எனக்கு, அப்பாவுக்கு இல்லை, மறக்காதே. வராவிட்டால் போன் செய்யப் பயந்துகொண்டிருக்காதே, எப்படிச் சொல்வது என்று யோசிக்கவும் வேண்டாம். எங்கே போனாலும் சொல்லிக்கொண்டு போ என்றுதான் வளர்த்தேன், இந்த வீட்டுக்கு மட்டும் நீ சொல்லாமல் வரலாம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா