ஆட்டை நினைத்துப் பாடிய பாட்டு

என் வீட்டுக்காரருக்கு சலாம். நான் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி? ஆடு எப்படி?

நேற்று சிங்கப்பூர் ஸ்டூடியோவில் கதாநாயகிக்காகப் பாடினேன். பிறகு அவள் வாயசைப்பாள். பிரிந்துபோன காதலனை அழைக்கும் பாட்டு.

"ஏக்கமே இல்லையே அக்கா! மீன் விக்கிற மாதிரி கூப்பிடுறீங்க!" என்று இசையமைப்பாளர் கத்தினார்.

உங்களை நினைத்துக்கொண்டு பாடினேன். வயலின்காரர் மூக்கைச் சிந்தினார்.

"யாரை நெனைச்சீங்க?" என்று இசையமைப்பாளர் கேட்டார்.

வெட்கத்தில், "எங்க வீட்டு ஆட்டை" என்றேன்.

இன்று படப்பிடிப்பில் கதாநாயகிக்கு அழுகை வரவில்லை. "ஆட்டை நெனைச்சுக்கோம்மா!" என்கிறார் அதே இசையமைப்பாளர்.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் புடு மீன்சாறு ஒரு போத்தல் கொடுத்தனுப்புங்கள்; சோறு இறங்கவில்லை. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

படம் நம் ஊர் கோத்தா பாருவுக்கு வந்தால், அந்தப் பாட்டுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவள் அழகி. ஆனால் கூப்பிடுவது நான்.

உங்கள் ஸைத்தூன்