மிதியில் வைத்த செங்கல்

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள். கார் எஞ்சினுக்கு கேஸ்கட் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுவேன்.

"உங்க ஸ்போர்ட்ஸ் காருக்கு மிதி மிதிக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று போன வருஷம் கேட்டாயே, அந்த வீம்பில்தான் அதில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஜோடிக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, தனியாளாகவே சரிபண்ணக்கூடிய ஒற்றையைப் போட்டேன். வண்டி பறந்தது. பக்கத்தில்தான் யாருமில்லை.

நேற்று பழைய ஜோடியையே மாட்டிவிட்டேன். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று நான் ஒவ்வொன்றின் வாயிலும் குழாயை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டு முடிக்கும்வரை, ஆக்சிலேட்டரை ஒருவர் சீராக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். மிதியில் செங்கல் வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. நீ பேசக்கூட வேண்டாம், கால் மட்டும் போதும்.

சாவி ஆணியில் இருக்கிறது.

டிரைவர் சீட்டை உனக்கு எட்டுகிற அளவுக்கு முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.