தட்டினால் தோல்வி

மச்சான்,

விட்பி நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோக அலுமாரியை ஒழித்தபோது அந்தத் தடித்த வெள்ளை ஜூடோச் சட்டை அகப்பட்டது. இன்னமும் நோவெண்ணெய் மணம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, பெல்ட் எங்கை?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளில் பார்க்டேலில் ஒரே அறையில் கிடந்த இரண்டு பிரம்மச்சாரிகள் நாம். பனிக்காலத்தில் தொப்பை வைக்கிறதென்று நீதான் என்னை ஜூடோ வகுப்புக்கு இழுத்துப் போனாய். அங்கே ஒரு பிடி நம் உயிரை வாங்கியது. மல்லாந்து கிடந்தபடி எதிராளியின் கழுத்தைக் கால்களால் முக்கோணமாகப் பூட்டி இறுக்கவேண்டும். பூட்ட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் தலையில் உன் கால் பட்ட மறுகணம் பிடியை விட்டுவிட்டு, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய்.

"கால் பட்டிட்டுது மச்சான், குறை நினையாதை."

"கால் படாமல் உந்தப் பிடி எப்பிடியடா பிடிக்கிறது?" என்று நான் கத்துவேன். பயிற்சியாளர், நீ ஏதோ பிரார்த்தனை செய்கிறாய் என்று நினைத்து மரியாதையாகக் காத்துநிற்பார்.

மஞ்சள் பெல்ட்டுக்கான தேர்வில் நம் இருவரையுமே மோதவிட்டார்கள். வென்றவனுக்குத்தான் பெல்ட். நீ அதற்காக மூன்று மாதம் தலையணையின் கழுத்தை நெரித்தவன். போட்டோ அனுப்புவதாக ஊருக்கு எழுதியும்விட்டாய். அன்று உன் பிடி கச்சிதமாக விழுந்தது. எனக்குக் கண் பிதுங்கியது. தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அதற்குள் உன் பாழாய்ப்போன நல்ல பழக்கம்! மன்னிப்புக் கேட்டு உன் கை என் தோளில் இரண்டு தரம் பட்டது. நடுவர் வெளியாள், உன் பழக்கம் அறியாதவர். தட்டியவன் தோற்றான் என்று என் கையை உயர்த்திவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூச்சு வரவில்லை என்பது உண்மை. பெல்ட்டில் ஆசை வந்ததும் உண்மை. நீயோ போன கலியாண வீடெல்லாம், "இவன்தான் என்னை வெண்டவன்" என்று பெருமையாக அறிமுகம் செய்தாய். ஒவ்வொரு தடவையும் வெட்கத்தில் செத்தேன். இருந்தும் ஒருநாள்கூட உன்னிடம் சொல்லவில்லை.

போன கிழமை, ஸ்காபரோவில் உன்னைக் கிடத்தியிருந்த மண்டபத்துக்கு அந்தப் பெல்ட்டைக் கோட்டுப் பையில் கொண்டுவந்தேன். உன் கையருகே வைக்கக் குனிந்தபோது என் சப்பாத்து உன் பெட்டியில் இடித்துவிட்டது. என்னையறியாமலே பெட்டியை இரண்டு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விதி விதிதான், மச்சான். இந்த முறை தட்டியவன் நான். பெல்ட் உன்னிடமே இருக்கட்டும். சட்டையைத் தோய்க்காமல் விட்பிக்குக் கொண்டுபோகிறேன்.