நைலான் குழாய்

மேலப்புலியூர், நீடாமங்கலம் வழி
7.7.1999

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சம் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் உழப் போனேன். நிலத்துக்காரர் மகன் சிங்காரவேலு வரப்பில் நின்று மறித்தார். "குத்தகை உம் புருசன் பேருல இருக்கு. அவன் மெட்ராஸ் கம்பெனியில கெடக்கான். அப்புறம் என்ன சாகுபடி?" என்றார். "நடுறதும் அறுக்குறதும் நாந்தானேங்க" என்றேன். காதில் வாங்கவில்லை. நம்மை வெளியேற்ற மனுப் போட்டுவிட்டார். 28ஆம் தேதி மன்னார்குடியில் விசாரணை. நீங்கள் நேரில் வந்தே ஆக வேண்டும் என்கிறார் விவசாயச் சங்கத்துத் துரைராசு அண்ணன். ஒரு நாள் வந்து போங்கள். மீறி விதை விட்டுவிட்டேன்.

உங்கள்
அம்சம்

அம்பத்தூர்
15.7.1999

அன்பு அம்சத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆனால் இங்கேயும் நிலைமை சரியில்லை. கார் எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாயை இத்தனை காலம் அலுமினியம் உருக்கி நாங்கள் வார்த்தோம். இனிமேல் கண்ணாடி நார் கலந்த நைலானில் செய்யப் போகிறார்கள். தூக்கிப் பார்த்தேன். பாதி எடைகூட இல்லை. உள்பக்கம் அவ்வளவு வழவழப்பு. நாங்கள் அரம் போட்டு எத்தனை ராவினாலும் அப்படி வராது. "எஞ்சின் சூட்டுக்குப் பிளாஸ்டிக் தாங்குமா?" என்று சூப்பர்வைசர் பக்கீர் முகம்மதைக் கேட்டேன். "தாங்குது மருதையா. அதான் நமக்குச் சங்கடம்" என்றார்.

வார்ப்படத்தில் சிலரை மட்டும் புது மெஷினுக்கு எடுப்பார்களாம். பழக்குவது அதே 28ஆம் தேதி வாரம். லீவு போட்டால் என் பேரை அடித்துவிடுவார்கள். வாய்தா கேட்டுப் பார்.

மருதையன்

மேலப்புலியூர்
3.9.1999

மாமாவுக்கு,

வாய்தா கொடுக்கவில்லை. "புருசன் எங்கம்மா?" என்று அதிகாரி கேட்டதும் "கம்பெனியில" என்று சொல்லிவிட்டேன். பொய் வாயில் வரவில்லை. அந்தப் பக்கத்து வக்கீல் "எழுதிக்கங்க சார்" என்றார். நான் என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அதை யாரும் எழுதவில்லை. நிலத்தை விடச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது.

நேற்று டிராக்டர் விட்டு நான் நட்ட பயிரை உழுதுவிட்டார்கள். சங்கத்தார் கொடியோடு வந்தார்கள். துரைராசு அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போனது, இன்னும் விடவில்லை. நீங்கள் வந்திருந்தாலும் நிலம் போயிருக்கும் என்று எல்லாரும் தேற்றுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்சம்

அம்பத்தூர்
20.11.1999

அன்பு அம்சத்துக்கு,

பழக்கினதில் தேறினேன். ஆனால் மெஷின் இங்கே வரவேயில்லை. நைலான் குழாயை வெளியூரில் செய்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். உலையை அணைத்துவிட்டார்கள். பழகினவன், பழகாதவன் என்று பார்க்காமல் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழாயில் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை, அம்சம்.

ஊருக்கு வரட்டுமா?

மருதையன்

மேலப்புலியூர்
2.12.1999

மாமாவுக்கு,

வந்து என்ன செய்வீர்கள்? சிங்காரவேலு சொல்லிவைத்திருக்கிறார், இந்தத் தடவை என்னையே யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. நம் தெரு ராசம்மாள் அக்கா பட்டுக்கோட்டையில் கயிற்று மில்லில் இருக்கிறது. நாளைக்குப் பாப்பாவோடு அங்கே போகிறேன். பெண்கள் மட்டும் தங்கும் கொட்டகையாம். அதனால் விலாசம் எழுதவில்லை.

உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தவரைக்கும் நீங்கள் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்சம்